பாதியாகிக்கொண்டே போகும் மருந்து

கல்வராயன் மலைத் தேனைப் பற்றி நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அடையைப் பிழிந்து, துணியில் வடிகட்டிச் சீசாவில் ஊற்றி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அதைப் போலவே பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டிய மருந்து ஒன்று உண்டு. ஆனால் அதைச் சேமித்து வைக்கத்தான் வழியில்லை. டெக்னீஷியம்-99எம் என்பது அதன் பெயர்.

வகுப்பில் இதைச் சொன்னபோது, வெள்ளிமலையிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன், "ஏன் ஐயா, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நாலு சீசா வாங்கி வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்கு நாம் கூறிய பதில் இது.

இம்மருந்து கதிர்வீசும் பொருள். தக்க துணைப்பொருளுடன் சேர்த்து ஊசி வழியே செலுத்தினால், எலும்பையோ இருதயத்தையோ சென்றடைந்து காமாக் கதிர்களை வீசும். வெளியிலுள்ள காமிரா அவற்றைக் கொண்டு நோயின் இருப்பிடத்தைப் படமெடுத்துவிடும். ஆயின் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் அளவு பாதியாகிறது. இன்று காலை 16 பங்கு இருந்தால் நாளைக் காலை எஞ்சுவது 1 பங்கே!

ஆகவே அதன் தாயான மாலிப்டினம்-99 என்பதை அனுப்புகிறார்கள். அது பாதியாவதற்கு 66 மணி நேரமாகும். மும்பையை அடுத்த டிராம்பேயில்தான் நம் தேசத்தின் முதல் அணு உலையான அப்ஸரா 1956-ல் எழுந்தது. அங்கேயே 1985-ல் எழுந்த துருவா உலையில் மாலிப்டினம் ஆக்ஸைடை வைத்து இத்தாயை உண்டாக்கினார்கள்; காஸ்டிக் சோடா நீரில் கரைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள்.

இனி, பிரிக்கும் முறையைப் பார்ப்போம். அந்தக் கரைசலில் மெதில் எதில் கீட்டோன் என்ற திரவத்தைச் சேர்த்துக் கலக்கி நிறுத்தினால், அது எண்ணெய் போல் மேலே மிதக்கும். டெக்னீஷியம் அதனுடன் மேலே ஏறிவிடும். மாலிப்டினம் கீழேயே தங்கிவிடும். மேல் திரவத்தைத் தனியே எடுத்து, சூடேற்றி ஆவியாக்கி, எஞ்சியதைச் சுத்தமான உப்பு நீரில் கரைத்தால் மருந்து தயார். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பல்லாண்டுகள் வழங்கிய முறை இது. இதைக் 'கறத்தல்' என்றே விஞ்ஞானிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஒரு முறை கறந்தால் மறுநாள் மீண்டும் ஊறும். ஒரு வாரம் போல் கறந்தபின் பசு வற்றிவிடும்.

சுத்தத்தில் மட்டும் அணுவளவும் சலுகை கிடையாது. தாய்ப்பொருள் மருந்தில் கலந்தால் நோயாளியின் உடலில் வீணே கதிர் பாயும். 10,000 பங்குக்கு ஒன்றரைப் பங்கு மாலிப்டினத்துக்கு மேல் கூடாதென்பது அமெரிக்க விதி.

மலையிறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, பஸ் மாறி, புதுச்சேரி ஜிப்மரின் அணு மருத்துவப் பிரிவை ஒருவர் அடைவதாக வைத்துக்கொள்வோம். அவர் வரும் நேரமும் மருந்து கறக்கும் நேரமும் பொருந்த வேண்டும். பஸ் தவறினாலும் கஷ்டம். மருந்து வரும் விமானம் தவறினாலும் கஷ்டம்.

2009-ம் வருஷம் மே மாதம் கனடாவிலுள்ள சாக் ரிவர் உலை பழுதுபட்டு, 2010 ஆகஸ்டு வரை நின்றது. உலகெங்கும் இம்மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது; செல்வந்த தேசங்களும் திகைத்தன. அயலார் அடுப்பை நம்பி உலை வைப்பவர் பாடு அதுதான்.

பதிலைக் கேட்ட மாணவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் ஐயா, கறக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றான்.

அவனுக்கு நாம் அந்தப் பாடத்தில் முழு மார்க்கும் கொடுத்துவிட்டோம்.