இரவில் பிரித்து வையுங்கள், காலையில் சமாதானமாயிருங்கள்



பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பெங்களூருக்கு வந்து குடியேறிய நம்மில் பலருடைய வீடுகளில், காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே நடப்பது என்ன? பிள்ளையின் காலுறை ஒன்று காணப்படவில்லை. அடையாள அட்டை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தகப்பன் வண்டிச் சாவியைத் தேடுகிறார். அந்நேரத்தில்தானா குப்பை வண்டியும் வாசலுக்கு வரவேண்டும்? முடிவில், பிள்ளை கண்ணீரோடு பள்ளி வேனில் ஏறுகிறது. தாமதம் ஒரு குறை, ஒழுங்கின்மை வேறொரு குறை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

நகரம் கற்ற பாடம்

இந்த நகரத்தின் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகப் பெங்களூரு தன் குப்பையை ஒன்றாய்க் கலந்து லாரிகளில் ஏற்றி, மாவள்ளிபுரா, மண்டூர் போன்ற கிராமங்களில் கொட்டிவந்தது. கிராம மக்கள் எதிர்த்து நின்றபோது, 2012-இல் நகரத்தின் தெருக்களிலேயே குப்பை மலைபோல் குவிந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல், வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், சமையலறைக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, காகிதம், பிளாஸ்டிக் போன்ற உலர்ந்தவற்றுக்கு ஒரு பை என்ற முறையைப் பின்பற்றும்படி உத்தரவிட்டது.

இதில் அடங்கியுள்ள உண்மை எளியது. கலந்தபின் பிரிப்பது மிகக் கடினம். கலக்குமுன் பிரிப்பதோ ஒரு நிமிட வேலை. வீட்டுக் காரியங்களுக்கும் இது பொருந்தும். காலையில் நாம் படும் பாடு, முந்தின இரவில் பிரித்து வைக்காததின் பலனே.

சாலை நம் கையில் இல்லை

2022-ஆம் ஆண்டில் இந்நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடங்கள் ஆயின என்று டாம்டாம் நிறுவனத்தின் ஆய்வு தெரிவித்தது. நெரிசலைக் குறைக்கப் பள்ளி நேரத்தை மாற்றலாமா என்ற ஆலோசனை 2023-இல் எழுந்தபோது, பள்ளிகளின் சங்கங்கள் அதற்கு இணங்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது அநேகருக்கு ஆறுதலே. ஆயினும் எந்த ரயிலும் நமக்காகக் காத்திராது.

ஆகவே, போய்ச் சேரும் நேரத்தைக் குறிவைக்காமல், வாசற்படியைத் தாண்டும் நேரத்தைக் குறிவையுங்கள். வேன் 7.40-க்கு வருமானால், 7.30-க்குப் பிள்ளையின் காலில் ஷூ இருக்கவேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எழும்பும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் தீர்மானியுங்கள்.

இருபது நிமிட ஒழுங்கு

இரவு உணவுக்குப்பின் இருபது நிமிடங்களை ஒதுக்குங்கள்.

1. சாவி, அடையாள அட்டை, புத்தகப்பை, குடை ஆகியவற்றிற்கு வாசலருகே ஒரே இடத்தை நியமியுங்கள்.

2. சீருடை, காலுறை, ஷூ மூன்றையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

3. பாத்திரங்களைக் கழுவிவிடுங்கள், குப்பையைப் பிரித்து வாசலருகே வையுங்கள்.

4. உங்கள் தெருவில் தண்ணீர் முறைவைத்து வருமானால், அந்த நாட்களைக் காலண்டரில் குறித்து, குடங்களை முந்தியே நிரப்புங்கள். 2024 கோடையில் இந்நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றிப்போனதை நாம் மறந்துவிடலாகாது.

5. ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் பொருட்கள் பெருகினால் மனிதருக்கு இடமிராது. புதிய பொருள் ஒன்று உள்ளே வரும்போது, பழையது ஒன்று வெளியே போகட்டும்.

யாருடைய தோளின்மேல்?

இங்கே தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றிற்குச் செலவிட்டனர். ஆண்களோ 97 நிமிடங்கள் மாத்திரமே. அதிலும், அவ்வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். கிராமத்தில் பாட்டியும் அத்தையும் பங்கிட்டுச் செய்த வேலையை, இங்கே வேலைக்கும் போய்த் திரும்பும் ஒரு தாய் தனியே சுமக்கிறாள். ஒருத்தியின் களைப்பின்மேல் நிற்கும் சுத்தத்தை ஒழுங்கு என்று அழைக்கலாமா? அந்த இருபது நிமிடங்களும் முழுக் குடும்பத்திற்கும் உரியவை. ஐந்து வயதுப் பிள்ளை தன் ஷூவை அதற்குரிய இடத்தில் வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளை துணி மடிக்கலாம். தகப்பன் பாத்திரம் கழுவலாம்.

கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டில் எல்லாம் அதினதின் இடத்தில் இராது. அது குற்றமல்ல. வீட்டின் ஒழுங்கு மனிதருக்காகவே ஏற்பட்டது. எல்லாவற்றையும் செய்தும் ஒரு நாள் தாமதமாகுமானால், வாசலில் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருங்கள். தவறவிட்ட வேனுக்கு வேறு வழி தேடலாம். காலையில் கேட்ட கடுஞ்சொல்லையோ பிள்ளை சாயங்காலம் வரைக்கும் சுமந்து திரியும்.

இன்றிரவே தொடங்குங்கள். உங்கள் இல்லத்தில் சமாதானம் தங்கியிருப்பதாக.