தாவீது, தாவூது, டேவிட்: இரண்டு மரபுக்கு ஒரே பெயர் கிடைக்குமா?

வாசுதேவநல்லூரில் பையன் பிறந்த வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "தாத்தா பேரைத்தானே வைக்கப் போறீங்க?" என்பதுதான். பையனின் அப்பா இந்த ஊர்க்காரர், அம்மா லண்டனில் பிறந்து வளர்ந்த யூதக் குடும்பத்துப் பெண், பிரசவம் இங்கே என்று வைத்துக்கொள்வோம். அப்போது பதில் அவ்வளவு சுலபமில்லை.

தாத்தா பேரில் என்ன சிக்கல்?

'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவர் பேரை வைப்பது நமக்கு மரியாதை. ஐரோப்பிய வழிவந்த அஷ்கநாசி யூதர்களிடம் இது தலைகீழ். மறைந்த உறவினரின் பெயரைத்தான் வைப்பார்கள். செபராடி யூதர்களில் பலரோ நம்மைப் போலவே, இருக்கும் தாத்தா பேரையே வைக்கிறார்கள். அதனால் எந்த மரபு என்று முதலில் கேட்டுவிட வேண்டும். எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போதே பெயர் சூட்டுவது வழக்கம் என்பதால் அவகாசமும் குறைவு.

எபிரேயப் பெயர் நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. தாவீது, தாவூது, டேவிட் மூன்றும் ஒரே எபிரேயப் பெயர். கிறிஸ்தவர், முஸ்லிம், ஆங்கிலேயர் என மூன்று வழியாக நம்மிடம் வந்தது. 'யோகனான்' என்றால் 'கடவுள் அருளினார்'. அதுவே ஆங்கிலத்தில் ஜான், தமிழ் வேதாகமத்தில் யோவான், முஸ்லிம்களிடம் யஹ்யா. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒரு படி மேலே போய் பொருளையே தமிழாக்கி 'அருளப்பன்' ஆக்கிவிட்டார்கள். யூத, பிரிட்டிஷ் மரபுகள் இரண்டுக்கும் பொருந்தும் பெயரைத் தேடுபவர்களுக்கு டேவிட், ஜான், சாமுவேல் போன்றவை கைகொடுக்கும்.

பிரிட்டிஷ் பேர் வைத்தால் ஊர் என்ன சொல்லும்?

இது பூலித்தேவன் மண். 1761இல் யூசுப் கான் தலைமையில் வந்த கம்பெனிப் படை நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் கோட்டைகளைப் பிடித்தது. பூலித்துரை, பூலிப்பாண்டியன் என்ற பெயர்கள் இங்கே சும்மா வந்தவை அல்ல. ஆனால் தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கு 'பென்னிகுக்' என்றே பேர் வைக்கிறார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் அவர். ஆக, எந்த நாட்டுக்காரர் என்பதைவிட என்ன செய்தார் என்பதைத்தான் சனம் பார்க்கிறது.

சான்றிதழில் எதைக் கவனிக்கணும்?

2023 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிந்துவிடலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். இனிஷியலை விரித்து எழுதுவதா, ஆங்கிலத்தில் எந்த எழுத்துகள் என்பதை ஒருமுறை முடிவுசெய்து, இரு நாட்டு ஆவணங்களிலும் அப்படியே கொடுக்க வேண்டும்.

தாத்தா வருத்தப்பட்டால்?

யூதக் குடும்பங்கள் பலவற்றில் சடங்குக்கு ஓர் எபிரேயப் பெயர், பள்ளிக்கு ஓர் ஆங்கிலப் பெயர். நம்மூரிலும் மாமனார் பேரைச் சொல்ல மருமகள் தயங்குவதால், பிள்ளைக்கு வீட்டில் வேறு பேர் இருக்கும். இரட்டைப் பேர் இரு வீட்டுக்கும் பழக்கமானதுதான். காரணத்தைத் தாத்தாவிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. சான்றிதழில் என்ன இருந்தாலும், தொட்டிலை ஆட்டுகிறவர் கூப்பிடும் பேரை யாரும் திருத்தப் போவதில்லை.