பழைய லேப்டாப்பில் ப்ராசசரை மாற்றலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்தத் தொடங்கும் பலருக்கு முதலில் கைக்கு வருவது ஒரு பழைய லேப்டாப் தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும். அல்லது உறவினர் யாராவது கொடுத்திருப்பார்கள். சில மாதங்களில் அது ஆமை வேகத்தில் நகரத் தொடங்கும். உடனே யாராவது, "ப்ராசசரை மாத்திடுங்க, புதுசு மாதிரி ஓடும்" என்பார்கள். பணத்தை எடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ளுங்கள்.

காரைக்கால் கடற்கரையில் உள்ள மீனவர் கிராமம் கிளிஞ்சல்மேடு. அங்கே தெரிந்தவர் ஒருவரின் வீட்டிற்கு மீன்பிடித் தடைக் காலத்தில் சென்றிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு வேலையை நம்பியுள்ள வீடுகளில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் நேரம் அது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். ப்ராஜக்ட் கொடுக்கக் கெடு நெருங்குகிறது. லேப்டாப்போ ஆன் ஆகி முடிக்கவே பத்து நிமிடம் எடுக்கிறது. ஒரு கடையில் ப்ராசசரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். "செலவு பண்ணலாமா சார்?" என்று கேட்டார் அந்தத் தந்தை.

லேப்டாப்பைப் பார்த்தேன். இன்டெல் பென்டியம் பி960 ப்ராசசர், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் கிடைக்கும். விண்டோஸ் 10-ல் அதன் முதல் டேபிலேயே சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவை எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரியும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. மெமரி 90-ஐத் தாண்டியிருந்தது. சிபியு 30-க்குக் கீழே! அதாவது ப்ராசசர் வேலையின்றிக் காத்துக் கொண்டிருக்கிறது. அதனை மாற்றினால், வேகமாகக் காத்திருக்கும் ஒரு ப்ராசசர் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்பிலும் இந்தச் சோதனையை முதலில் செய்திடுங்கள். சிபியு தான் எப்போதும் 100-ல் நிற்கிறது என்றால் மட்டுமே ப்ராசசர் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்போதும் ஒரு சந்தேகம் பாக்கி உள்ளது. சூடு அதிகமானால் ப்ராசசர் தன்னைக் காத்துக் கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். கடலோர ஊர்களில் இது சாதாரணம். உப்புக் காற்று ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் தூசி ஒட்டும். இந்த லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் அதன் எதிரே உள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவே பழைய கம்பளித் துண்டு போல ஒரு படலம் இருந்தது. செம்புக் குழாயில் பச்சை பூத்திருந்தது. ப்ராசசர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. தூசியை எடுத்து, புதிய பேஸ்ட் தடவியதும் விசிறியின் இரைச்சலே பாதியாகக் குறைந்தது. கடற்கரையில் வசிப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இதனைச் செய்வது நல்லது.

சரி, உண்மையிலேயே ப்ராசசர் தான் போதவில்லை என்று வைத்துக் கொள்வோம். மாற்ற முடியுமா? டெஸ்க்டாப்பில் ப்ராசசர் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், கழற்றி மாற்றலாம். லேப்டாப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஊசி போன்ற பின்களுடன் சாக்கெட்டில் பொருந்துவது. மற்றொன்று, நேரடியாக மதர்போர்டில் சிறு ஈய உருண்டைகளால் பற்ற வைக்கப்பட்டது. இரண்டாவது வகையை வீட்டில் தொடவே கூடாது. அதை எடுக்கத் தனி மெஷின் வேண்டும், செலவும் கட்டுப்படியாகாது. லேப்டாப்கள் மெலிதாக மெலிதாக, சாக்கெட்டின் உயரமே சுமையாகிவிட்டது. இன்டெல் நிறுவனம் 2013-ல் வந்த நான்காம் தலைமுறையோடு லேப்டாப் சாக்கெட்டுக்கு விடை கொடுத்துவிட்டது. ஐந்தாம் தலைமுறை முதல் எல்லாமே பற்ற வைத்தவை.

பெயரின் கடைசி எழுத்து ஓரளவு உதவும். ஐ5-4200யு என்பது போல 'யு' என முடிந்தாலும், செலரான் என்-வரிசையாக இருந்தாலும் மாற்ற முடியாது. 'எம்' என முடிந்தால் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. ஐ5-2520எம் என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்பனைக்கு வந்தன. எனவே சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இறக்கி இயக்குங்கள். முதல் டேபில் 'பேக்கேஜ்' என்ற வரி இருக்கும். அதிலுள்ள ஆங்கில எழுத்துகள் இரு வகைக்கும் தமிழில் 'பிஜிஏ' என்றே வரும் என்பதால் எண்ணைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் 988 என்றால் கழற்றலாம். 1023 அல்லது 1224 என்றால் கழற்ற முடியாது. நான்காம் தலைமுறையில் 946 அல்லது 947 என்றால் கழற்றலாம். 1168, 1364 என்றால் முடியாது.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்ததை வைத்திருப்பவர்களும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பல நிறுவனங்களின் பல மாடல்கள் வழங்கப்பட்டதால் ஒரே பதில் சொல்ல முடியாது.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. மதர்போர்டில் உள்ள சிப்செட்டும், பயாஸும் புதிய ப்ராசசரை ஏற்க வேண்டும். கோர் 2 டுயோ காலத்து 965 சிப்செட் 800 மெகாஹெர்ட்ஸ் பஸ் வரை தான் போகும். 1066 உள்ள ப்ராசசரை அதில் பொருத்தினால் பணம் வீண். அடுத்தது சூடு. பென்டியம் பி960 35 வாட்ஸ். ஐ5-2520எம் என்பதும் அதே 35 வாட்ஸ் தான்; ஆகவே அதே விசிறி தாங்கும். ஐ7-2670க்யூஎம் 45 வாட்ஸ். நான்கு கோர் என்று ஆசைப்பட்டு வாங்கினால், சூட்டில் வேகம் குறைந்து பழைய கதையே தொடரும். பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. உங்கள் மாடலின் சர்வீஸ் மானுவலைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். அதே மாடல் எந்தெந்த ப்ராசசர்களுடன் விற்கப்பட்டது என்ற பட்டியல் அதில் இருக்கும். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை புதிதாகக் கிடைக்காது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழையதாகத்தான் வாங்க வேண்டும். பின்கள் ஒன்றுகூட வளையாமல் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும் வேலை அரை மணி நேரம் தான். பயாஸ் அப்டேட் தேவையென்றால் பழைய ப்ராசசர் இருக்கும்போதே, பேட்டரியும் சார்ஜரும் இணைந்த நிலையில் முடித்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போகும். பின்னர் சார்ஜரையும் பேட்டரியையும் நீக்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும். ஹீட் சிங்க் ஸ்குருக்களின் அருகே 1, 2, 3, 4 என எண்கள் இருக்கும். கழற்றும்போது 4-லிருந்து தொடங்கவும், மாட்டும்போது 1-லிருந்து. சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள ஒற்றை ஸ்குருவை அரைச் சுற்றுத் திருப்பினால் பூட்டு திறக்கும். ப்ராசசரை நேராகத் தூக்கவும். புதியதன் மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி வைத்தால் தானாக உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். எடுத்து மீண்டும் பாருங்கள். ஒரு பச்சைப் பயறு அளவு பேஸ்ட் போதும்.

எதற்காக மாற்றுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறத்தாழ இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து தான் ஏற்கிறது. கழற்றி மாற்றக்கூடிய ப்ராசசர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த லேப்டாப்களுக்கு லினக்ஸ் தான் நல்ல துணை.

கிளிஞ்சல்மேட்டு லேப்டாப்பில் பேக்கேஜ் வரியில் 988 என்றே இருந்தது. மாற்றலாம். ஆனால் இப்போது வேண்டாம் என்று சொன்னேன். ப்ராசசருக்கு ஒதுக்கிய பணத்தில், 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றும், 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்றும் வாங்கி மாட்டினோம். (குச்சி போன்ற எம்.2 வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள். இதில் அதற்கு இடமே கிடையாது.) பழைய டிஸ்க்கிலிருந்த ப்ராஜக்ட் பைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்துக் கொண்டோம். மாலைக்குள் லினக்ஸ் ஏற்றி முடித்தாயிற்று. ஒரு நிமிடத்திற்குள் ஆன் ஆகிவிடுகிறது. ஐ5 வாங்குவதைத் தடைக் காலம் முடிந்து, படகு போய் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.