ஊசி குத்தினால் எலிக்குப் பிரஷர் குறையுமா?

போன மாசம் சித்தப்பா போன்ல கேட்டார்: "அக்குபஞ்சர் பண்ணிக்கிட்டா பிரஷர் மாத்திரையே வேண்டாங்கிறாங்களேப்பா, நிஜமா?" "எல்லாம் சும்மா"னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா தேடிப் படிச்சப்போ விஷயம் அப்படி இல்லை. படித்ததைக் குறித்து வைக்கிறேன்.

முதலில் எலிகளிடம் போனேன். எலிக்கு வைத்தியர் மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் 'மனசுதான் காரணம்' என்று தள்ளிவிட முடியாது.

வளர வளரத் தானாகவே ரத்த அழுத்தம் ஏறும் எலி இனம் ஒன்று உண்டு. ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோ, ஆவோகி இருவரும் 1963-ல் அறிவித்தது. 1982-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், விழித்திருந்த அந்த எலிகளின் பின்னங்காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பை அக்குபஞ்சர் பாணியில் அரை மணி நேரம் மின்துடிப்பால் தூண்டினார்கள். தூண்டலை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் அழுத்தம் தாழ்ந்தே இருந்தது. நலோக்சோன் கொடுத்ததும் திரும்ப ஏறியது. இது மார்ஃபின் வகைப் பொருட்களின் வேலையைத் தடுக்கும் மருந்து. அப்படியானால், அழுத்தத்தை இறக்கியதில் உடம்பே சுரக்கும் மார்ஃபின் மாதிரிப் பொருளுக்குப் பங்கு இருக்கிறது.

அது எங்கே வேலை செய்கிறது? கலிஃபோர்னியாவின் இர்வைனில் ஜான் லாங்ஹர்ஸ்ட் குழு பல வருஷம் இதைத்தான் துருவியது. 2016-ல் வெளியான ஆய்வில், குளிரில் வைத்துப் பிரஷர் ஏற்றிய எலிகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஊசி. நொடிக்கு 2 துடிப்பு, 30 நிமிஷம், வாரம் 2 தடவை, 5 வாரம். அழுத்தம் குறைந்தது. மூளையின் அடியில் முகுளத்தில், இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முடுக்கிவிடும் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே என்கெஃபலின் என்ற பொருள் கூடியிருந்தது. ஆக்சிலேட்டர் மேல பிரேக் போட்ட மாதிரி!

இங்கேதான் நிதானம் வேணும். ஒன்று, இதெல்லாம் வெறும் ஊசி இல்லை, மின்சாரம் பாய்ச்சித் தூண்டியது. இரண்டு, 2016 எலிகளில் சிகிச்சை நின்றபின் பலன் நீடித்தது 3 நாள்.

மனிதர்களில்? 2006-ல் அமெரிக்காவில் 192 பேரிடம் நடந்த ஆய்வில், அசல் அக்குபஞ்சருக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசமே இல்லை. 2007-ல் ஜெர்மனியில் 160 பேர். 6 வாரச் சிகிச்சையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் மூன்றாவது மாசம் பார்த்தபோது பழைய அளவுக்கே வந்துவிட்டது.

ஆக, நரம்பு வழியாக மூளைக்கு ஒரு பாதை இருப்பது நிஜம். அந்தப் பாதை மாத்திரையின் இடத்தைப் பிடிக்கும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

எல்லாத்தையும் சித்தப்பாகிட்ட சொன்னேன். "எலிக்கே மூணு நாள்தானாப்பா?"ன்னார். "ஆமா சித்தப்பா. ஊசி போட்டுக்கணும்னா போட்டுக்குங்க. ஆனா டாக்டரைக் கேக்காம ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்தாதீங்க"ன்னேன்.