எலிக்குக் கேட்ட மருந்து

பவானியில் தறிக்குழியில் உட்கார்ந்து ஜமக்காளம் நெய்பவருக்கு இடுப்பில் படர்தாமரை வந்தால் மருத்துவர் எழுதக்கூடிய பழைய மாத்திரைகளில் ஒன்று கிரிசியோஃபுல்வின். இந்தப் பூஞ்சை மருந்து மலேரியாவுக்கும் கேட்குமா?

கேள்வி விளையாட்டல்ல. மலேரியா ஒட்டுண்ணி தனக்கு வேண்டிய 'ஹீம்' என்ற பொருளைத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியை கிரிசியோஃபுல்வின் தடுக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த கோ. பத்மநாபனும், விஸ்வநாதன் அருண் நாகராஜ் உள்ளிட்ட புவனேஸ்வர் ஆய்வாளர்களும் இதை எலிகளிடம் சோதித்தார்கள். உயிரைப் பறிக்கும் மூளை மலேரியாவிலிருந்து எலிகளை அது காத்தது என்று 2022-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

ஆனால் இன்னொரு முடிவும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தன்னார்வலர்களுக்கு மலேரியாவை ஏற்றி இதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி அசைந்துகொடுக்கவில்லை. 2017-இல் அதுவும் வெளியானது.

ஆகவே எலிச் சோதனை பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலுக்கு இதை விழுங்குவது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். இதைப் போல 'ஆர்எக்ஸ்' குறி அச்சிட்ட மருந்தை மருத்துவர் சீட்டில்லாமல் விற்றால் மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். பக்கவிளைவு தெரிந்தால் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலா? மலேரியா பரவும் ஒடிசா, ஜார்கண்ட் பக்கம் போய்வந்தவரா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத் தடவல் சோதனையும் சிகிச்சையும் இலவசம். விவாக்ஸ் வகை என்றால் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தினால், கல்லீரலில் பதுங்கிய கிருமி மீண்டும் கிளம்பும்.

பழைய மருந்தைப் புது நோய்க்குச் சோதிக்க ஒருநாள் உங்களையே அழைக்கலாம். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019 உங்கள் பக்கம் நிற்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் சோதனை நடத்தக் கூடாது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையோடு இழப்பீடும் உண்டு.

கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தின் நகல் ஒன்றை உங்களிடம் தந்தாக வேண்டும். அதை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.