புலனத்தில் கூடும் லயத்து வாசல்

வைகறையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நம் தாய்மார்கள், குழாயடியிலும் ஆயாக் கொட்டகையிலும் கோயில் வாசலிலும் நின்று பேசியதை வீண்பேச்சு என்று கருதியோர் பலர். உண்மையில் தோட்டத்தின் செய்தித்தாள் அதுவே. எவர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், எவர் வீட்டில் அரிசி தீர்ந்தது, எந்தப் பெண்ணின் முகத்தில் காயம் என்பனவெல்லாம் அங்கேதான் தெரியவந்தன. உதவியும் அங்கிருந்தே புறப்பட்டது.

அந்த வாசல் இன்று பல இடங்களில் இல்லை. 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதற்கு எதிராகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்ந்தவர்களுள் ஒருத்தி பெக்கான் நானாசிலும் மற்றொருத்தி ஸ்கூடாயிலும் குடியிருக்கும் காலம் இது.

இவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்தது திறன்பேசியில் உள்ள வாட்சாப், அதாவது புலனம். பெண்கள் இதனை விரும்புவதற்கு முதற்காரணம், இதில் எழுதாமலே பேசலாம் என்பதே. 2013இல் குரல்பதிவு அனுப்பும் வசதி வந்தபின், ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட பாட்டியும் தம் குரலிலேயே செய்தி சொல்லத் தொடங்கினார். எழுத விரும்புவோர்க்கு, நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 முதலே கைப்பேசியில் தமிழுக்கு வழிசெய்தது. எழுத்துப்பிழைகளைக் காணும்போது, முன்னாள் ஆசிரியனாகிய என் கை சிவப்பு மையைத் தேடுவதுண்டு. எனினும், பிழையோடு வந்த துக்கச் செய்தியும் அடக்கத்திற்கு முன்பே உறவினரை அழைத்துவந்து விடுகிறது.

இதன் அருமையைப் பொந்தியான் குடும்பங்கள் நன்கு உணர்ந்தது 2020ஆம் ஆண்டில்தான். இவ்வட்டாரத்தினர் பலர் மோட்டார் சைக்கிளில் இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் அன்றாடப் போக்குவரத்து நின்றது. வேலையை இழக்க முடியாதோர் அக்கரையிலேயே தங்கினர். 2022 ஏப்ரல் முதல் நாளன்றுதான் நில எல்லை முழுமையாகத் திறந்தது. அதுவரையில் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் கைப்பேசியிற் கண்டனர். பள்ளிப்பாடமும் அதே கைப்பேசியில்தான் வந்தது; வீட்டில் இருப்பதோ ஒன்று, படிக்கும் பிள்ளைகளோ மூவர்! எந்தக் கடையில் காய்கறி கிடைக்கும், மருந்தகத்திற்கு யார் வண்டியில் அழைத்துச் செல்வார் என்பனவற்றைப் பெண்கள் தங்கள் குழுக்களில் கேட்டறிந்தனர். 2021இல் மைசெஜாத்ரா செயலியில் முதியோர்க்குத் தடுப்பூசிக்குப் பதிவு செய்துகொடுத்த இளம்பெண்கள் பலர்.

முறுக்கும் பூமாலையும் விற்போர்க்கு இஃது ஒரு சந்தையாகவும் பயன்படுகிறது. இணைய விற்பனையைக் கற்க விரும்புவோர், அருகில் 'நாடி' எனப்படும் தேசியத் தகவல் பரவல் மையம் இருப்பின் அங்கே விசாரிக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அறிந்தவர் பெயரில் பணம் கேட்டு வரும் செய்தியை, அவரிடமே தொலைபேசியிற் பேசித் தெளிந்த பின்னரே நம்புதல் வேண்டும். பணம் போய்விட்டதெனில், வெட்கத்தால் மறைக்காது, உடனே வங்கியையோ 997 என்னும் மோசடி உதவி எண்ணையோ அழைத்தல் வேண்டும். சில மணி நேரத் தாமதமும் பணத்தை எட்டாத கணக்கிற்குக் கொண்டுபோய்விடும்.

மற்றொன்று, குழாயடியில் கண்கள் கண்ட காயத்தைப் புலனம் காட்டாது. வீட்டில் அடிபடும் பெண் குழுவில் அதை எழுதவும் மாட்டாள். அவளோ அவள் நிலையை அறிந்தவரோ 15999 என்னும் தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். சில குழுக்களில் பெண்களே ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டுள்ளனர்: ஒரு வாரம் குரல் வராத வீட்டிற்கு, அருகில் இருப்பவர் ஒருவர் நேரிற் சென்று கதவைத் தட்டிப் பார்த்து வருகிறார்.