சூரிய ஒளியினாற் கிருமிநாசினிக் கழுவுநீரைச் சுத்திகரித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதற்கும், வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகியவற்றுக்கு இறைப்பதற்கும் கிணற்று நீரே பெரிதும் ஆதாரம். நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல்லில் வெடிப்புக்கள் பல இருத்தலால், மேலே ஊற்றும் நீர் நன்கு வடிபடுமுன்னரே கிணற்றை அடைந்துவிடக்கூடும். ஆதலால், தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுதல் குடிநீரில் நஞ்சைக் கலப்பதை ஒக்கும். இக்கழுவுநீரிலுள்ள நஞ்சைச் சூரிய ஒளியினாற் சிதைக்கும் முறையொன்று உண்டு. அதன் பயனையும் எல்லையையும் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

ஒளியூக்கி

தான் மாற்றமடையாது தாக்கமொன்றை விரைவுபடுத்தும் பொருள் ஊக்கி எனப்படும். ஒளி படும்போது அவ்வாறு தொழிற்படுவது ஒளியூக்கியாகும். தைத்தேனியவீரொட்சைட்டு, நாகவொட்சைட்டு ஆகிய வெண்ணிறத் தூள்கள் இவ்வகையின. பின்னையது ஒளியிற் சிறிது கரைவதால் முன்னையதே சிறந்தது. ஒளி பட்ட தைத்தேனியவீரொட்சைட்டின் துணையால் நீர் பிரிவதை யப்பானியரான புஜிஷிமா, ஹொண்டா ஆகிய இருவரும் 1972ஆம் ஆண்டில் அறிவித்தனர். நமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைற்று என்னும் கரிய கனியம் தைத்தேனியத்தைத் தருவதாகும்.

தொழிற்படும் விதம்

சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர் தூளிற் படும்போது அதிலுள்ள இலத்திரன்கள் இடம்பெயரும். இலத்திரன் நீங்கிய இடம் நீரைத் தாக்கி, ஐதரொட்சில் மூலிகம் என்னும் மிக்க தாக்குதிறனுள்ள பொருளை உண்டாக்கும். நீங்கிய இலத்திரனை நீரிற் கரைந்த ஒட்சிசன் ஏற்றுக்கொள்ளும். அம்மூலிகம் சேதன நஞ்சைப் படிப்படியாகச் சிதைத்து, முடிவிற் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் எளிய உப்புக்களாகவும் மாற்றும். தீயின்றி நீருக்குள்ளே நிகழும் எரிதல் என இதனைக் கொள்ளலாம்.

எல்லைகள்

1. நிலத்தை அடையும் சூரிய ஒளியிற் கழியூதாக் கதிர் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கே. ஆகவே நீர் தெளிந்ததாயும் ஆழங் குறைந்ததாயும் இருத்தல் வேண்டும். ஸ்பானியாவின் அல்மேரியாவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில், வளைந்த ஆடிகளின் முன் வைத்த கண்ணாடிக் குழாய்களினூடாக நீரைச் செலுத்தி இம்முறையை ஆராய்ந்துள்ளனர்.

2. செம்பு முதலிய உலோகங்கள் இதனால் அழிவதில்லை. பசளையால் வரும் நைத்திரேற்றும் நீங்குவதில்லை.

3. இடையில் நிறுத்தினால், பாதி சிதைந்த பொருள்கள் எஞ்சும். அவற்றுட் சிலவும் நஞ்சே. ஆய்வுகூடத்திற் பரிசோதியாது இந்நீரைப் பாதுகாப்பானதெனக் கொள்ளலாகாது.

4. வர்ணப்பூச்சுக்கான தைத்தேனியத் தூள், பூச்சைச் சிதைக்காதிருக்கும் பொருட்டு வேறு பொருள்களால் மூடப்பட்டது. அதனை வாங்கி வாளியிற் கலத்தல் வீண்செயலாகும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

இம்முறை கழுவுநீருக்கே உரியது. மாசடைந்த கிணற்றைத் திருத்த உதவாது. ஆதலால் வருமுன் காத்தலே அறிவுடைமை. தேவையான அளவு மருந்தை மட்டும் கலக்குக. வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுக. தெளிகருவியைக் கிணற்றுக்குத் தொலைவிற் கழுவி, அந்நீரை மருந்து தெளித்த பயிருக்கே தெளித்துவிடுக. ஐயமுண்டாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசிக்க.